உரைபெயர்ப்பாளனை விலக்கிய பிரசங்கம்: கிங்சோல்வரின் நாவலும் கண்டி வாசகரும்

ஒரு நாவலைப் பற்றி வாசகர்கள் ஒன்றுக்கொன்று முரணான கருத்துக்களைத் தெரிவிக்கும்போது அதனைச் சுவை வேறுபாடு எனக் கூறி ஒதுக்கிவிடுவது நமது இலக்கியச் சூழலில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். அவரவர் சுவை அவரவர்க்கு என்னும் இவ்வாதம் மேலோட்டமாக நோக்குமிடத்துச் சனநாயகப் பண்பு வாய்ந்ததாகவே தோன்றும். ஆயின், வாசகர் எங்கு நின்றுகொண்டு வாசிக்கிறார், எந்த வரலாற்றின் சுமையோடு வாசிக்கிறார் என்னும் வினாவை அது எழாமலே தடுத்துவிடுகிறது. வர்க்க நிலைப்பாட்டையும் வரலாற்று அநுபவத்தையும் முதன்மைப்படுத்தும் விமர்சகர்களாகிய நாமும் இவ்விடயத்தில் குற்றமற்றவர்கள் அல்லர். ஆசிரியரின் நிலைப்பாட்டை ஆராய்ந்த அளவுக்கு வாசகரின் நிலைப்பாட்டை நாம் ஆராய்ந்ததில்லை. பார்பரா கிங்சோல்வர் எழுதிய ‘தி பொய்சன்வுட் பைபிள்’ என்னும் ஆங்கில நாவலைக் கண்டியில் ஒரு சிறு வாசகர் வட்டத்தோடு சேர்ந்து படித்தபோது இக்குறைபாடு நமக்குத் தெளிவாகப் புலப்பட்டது.

1998இல் அமெரிக்காவில் வெளியான இந்நாவலின் தலைப்பை ‘நச்சுமர வேதாகமம்’ எனத் தமிழாக்கலாம். ஜோர்ஜியா மாநிலத்துப் பப்ரிஸ்த போதகனான நேதன் பிரைஸ், 1959இல் தன் மனைவி ஓர்லியானாவையும் ரேச்சல், லேயா, ஆடா, ரூத் மே என்னும் நான்கு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு பெல்ஜியக் கொங்கோவிலுள்ள கிலங்கா என்னும் கிராமத்துக்குச் செல்கிறான். கிராமம் கற்பனை, காலம் கற்பனையன்று. 1960 யூன் 30இல் கொங்கோ சுதந்திரமடைகிறது. அதன் முதற் பிரதமரான பற்றிஸ் லுமும்பா 1961 சனவரி 17இல் கொல்லப்படுகிறார். இந்நிகழ்ச்சிகளின் நிழலில் அக்குடும்பம் சிதைகிறது. கடைக்குட்டி பாம்பு தீண்டி இறக்கிறாள். எஞ்சிய பெண்களைக் கூட்டிக்கொண்டு தாய் கணவனை விட்டு நடந்தே வெளியேறுகிறாள். தாயும் மகள்மாரும் மாறிமாறிக் கதை சொல்கின்றனர். நேதனுக்குப் பேச இடம் தரப்படவில்லை. கொங்கோ மக்களுக்கும் தரப்படவில்லை. முதலாவது மௌனத்தைப் பற்றி எல்லா வாசகரும் பேசியிருக்கின்றனர்; இரண்டாவதைப் பற்றிப் பேசியோர் சிலரே.

மேலைநாடுகளில் இந்நாவல் பெற்ற வரவேற்பு பெரிது. 1999ஆம் ஆண்டின் புலிற்சர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. 2000இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி வாசகர் கழகத்துக்குத் தெரிவாகியதன் மூலம் இலட்சக்கணக்கானோரிடம் சென்றது. எதிர்ப்பும் இருந்தது. ‘தி நியூ ரிப்பப்ளிக்’ ஏட்டில் 1999இல் எழுதிய லீ சீகல், இலக்கியத்தின் இடத்தில் நல்லெண்ணத்தை வைக்கும் எழுத்துக்கு இதனை உதாரணமாக்கிக் கடுமையாகச் சாடினார். பக்தியுள்ள வாசகர் பலர், மிஷனரிமாரின் தியாகம் கொச்சைப்படுத்தப்பட்டுள்ளது என்றனர். தமது பெற்றோர் மருத்துவப் பணியின் பொருட்டே கொங்கோ சென்றவர்கள், நாவலிலுள்ள பெற்றோருக்கும் அவர்களுக்கும் எவ்வித ஒற்றுமையும் இல்லை என ஆசிரியர் முன்னுரையில் கூறியிருப்பது இவ்வகை வாசகரை முன்னுணர்ந்து போலும். முற்போக்காளரோ, லுமும்பாவின் கொலையில் அமெரிக்காவுக்கிருந்த பங்கினைச் சாதாரண அமெரிக்கக் குடும்பங்களின் வாசல்வரை கொண்டுசென்ற நூல் எனப் போற்றினர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. லுமும்பாவை நஞ்சூட்டிக் கொல்லும் பொருட்டு 1960இல் மத்திய புலனாய்வு முகவரகம் லியோபோல்ட்வில்லுக்கு நஞ்சு அனுப்பிய செய்தியை அமெரிக்கச் செனற்சபைக் குழு 1975இல் வெளிப்படுத்தியது. அந்நஞ்சு பயன்படுத்தப்படவில்லையாயினும், நாவலின் தலைப்பிலுள்ள நச்சு வெறும் படிமமன்று என்பது அறியத்தக்கது.

ஆயினும் இவ்வாதங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே மனிதனைச் சுற்றி நிகழ்ந்தன. நேதன் பிரைஸ் நியாயமாகச் சித்திரிக்கப்பட்டானா, கேலிச்சித்திரமாக்கப்பட்டானா என்பதே கேள்வி. அவனை வெறுத்தோரும் அவனுக்காகப் பரிந்துரைத்தோரும் மிஷன் என்பது ஒரு மனிதனின் குணாம்சம் பற்றிய விடயம் என்பதில் ஒத்த கருத்தினரே.

கண்டியில் நாம் பன்னிரண்டு பேர், பேராதனை வீதியிலுள்ள நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் மூன்று மாலைகள் கூடினோம். முதல் மாலை மேற்கூறிய பாதையிலேயே சென்றது. ஒரு போதகரின் மகள், தம் தந்தையாரின் மேசையில் இருந்த வேதாகமத்தை இந்நாவலில் தம்மால் அடையாளங்காண முடியவில்லை என்றார். தொழிற்சங்கத்தில் நீண்டகாலம் உழைத்த தோழர் ஒருவர், நூலின் பிற்பகுதியையே சிலாகித்தார். மொபுட்டுவின் ஆட்சியில் லேயாவும் அவள் கணவன் அனற்றோலும் படும் அல்லல்களை அவர் அரசியல் வகுப்புக்கு உகந்தவை என்றார். நாமும் அவர் பக்கமே நின்றோம். நேதனை ஏகாதிபத்தியத்தின் ஆன்மிக முகமாகவும், விமானி அக்செல்றூற்றை அதன் இராணுவ முகமாகவும் விளக்கினோம். விளக்கம் தவறானதன்று. ஆனால் நாவலைப் படிக்குமுன்னரே நம்மிடம் இருந்த விளக்கம் அது. ஏகாதிபத்தியத்தைக் கண்டிக்கும் நூல் கண்ணிற் பட்டவுடன் அதன் அட்டையிலேயே நற்சாட்சிப் பத்திரத்தை ஒட்டிவிடும் பழக்கம் நமது விமர்சனத்துக்கு இன்னும் முற்றாக நீங்கவில்லை.

இரண்டாம் மாலையில், அதுவரை பேசாதிருந்த ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அவர் கிறித்தவர். அவருடைய பூட்டனார் திருநெல்வேலியிலிருந்து வந்து மாத்தளைப் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் உபதேசியாராக இருந்தவர். “இந்தப் பாதிரியாருக்கு உபதேசியார் எங்கே?” என்பதே அவர் கேள்வி. ஒரு வெள்ளைக்காரர் மனைவி மக்களோடு தனியே ஒரு கிராமத்தில் இறங்கி நேரே பிரசங்கம் செய்தார் என்பதைத் தம்மால் நம்ப முடியவில்லை என்றார் அவர். அவருடைய குடும்ப நினைவில், துரை தூரத்தில் நிற்பார். பாதிரியார் ஆறு மாதத்துக்கொரு முறை குதிரையில் வருவார். விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் தமிழில் பேசியவர் பூட்டனார்தான்.

இந்நினைவுக்குப் பின்னாலுள்ள வரலாறு இம்மலைநாட்டில் நன்கறியப்பட்டது. 1854இல் கோப்பித் தோட்டத்துரைமாரும் சேர்ச் மிஷனரிச் சங்கமும் சேர்ந்து ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதனைத் தோற்றுவித்தனர். பிற்காலத்தில் நாணமுற்று மாற்றப்பட்டதெனினும் அப்பெயர் எதனையும் மறைக்கவில்லை என்பதே அதன் சிறப்பு. உபதேசியார்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து தருவிக்கப்பட்டனர். அவர்களுக்கான சம்பளப் பணம் தோட்டத்துரைமாரிடம் சந்தாவாகத் திரட்டப்பட்டது. ஆக, போதனை செய்தவனுக்கும் போதனை கேட்டவனுக்கும் படியளந்தது ஒரே கோப்பிதான். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியபின் தேயிலை அவ்விடத்தை எடுத்துக்கொண்டது. இங்கு மிஷன் என்பது தனிமனிதனின் வெறியோ தியாகமோ அன்று. அது ஓர் ஊதிய உறவு, ஒரு மொழி உறவு. ஆசிரியரின் கேள்வி அறியாமையிற் பிறந்ததன்று. நாவலில் இல்லாததை அவருடைய வரலாறு அவருக்குக் காட்டிக்கொடுத்தது.

உண்மையில் முற்றாக இல்லாமலில்லை. அக்கேள்வியைக் கேட்டபின் நாவலை மீண்டும் புரட்டினோம். கிலங்காவிலும் ஓர் உரைபெயர்ப்பாளன் இருக்கிறான். பள்ளி ஆசிரியனான அனற்றோலே தேவாலயத்தில் நேதனின் வார்த்தைகளைக் கிராமத்தவரின் மொழியில் கூறுகிறான். கிராமத் தலைவனின் மனத்தாங்கலை நேதனின் உணவு மேசைக்கு எடுத்து வருபவனும் அவனே. நேதன் அவனைச் சந்தேகிக்கிறான். உரைபெயர்ப்பாளரில் நம்பிக்கை இழந்த நேதன், பிரசங்கத்தின் முடிவில் தானே கிராமத்தவரின் மொழியில் கூவுகிறான். இயேசு அருமையானவர் என்று சொல்ல எண்ணி, ‘பங்காலா’ என்னும் சொல்லின் ஒலிப்புப் பிழைத்து, இயேசு நச்சுமரம் என்று சொல்லிவிடுகிறான். நாவலின் தலைப்பு இங்கிருந்தே பிறக்கிறது. பெரும்பாலான விமர்சகர் இதனை ஆணவத்துக்குக் கிடைத்த தண்டனையாக, அல்லது மொழியின் விளையாட்டாகக் கண்டனர். நாம் காண்பது வேறு. பேசத் தெரியாதவன் பேசியதால் மட்டும் வேதம் நஞ்சாகவில்லை. இடையில் நின்று உழைத்தவனின் உழைப்பு மறுக்கப்பட்ட கணத்தில் அது நஞ்சாகிறது. நேதனின் பிரசங்கங்கள் அதுகாறும் ஓரளவேனும் விளங்கினவெனின் அதற்கு அனற்றோலே காரணன்.

இவ்விடத்துச் சினுவா அச்சிபியின் ‘திங்ஸ் ஃபோல் அப்பாட்’ நாவல் (1958) நினைவுக்கு வருகிறது. என். கே. மகாலிங்கம் இதனைச் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழாக்கியுள்ளார். அதிலும் உரைபெயர்ப்பவனின் பேச்சு நகைப்புக்குள்ளாகிறது. வேற்றூர்க் கிளைமொழி பேசும் அவன் ‘நான்’ என்று சொல்லுமிடமெல்லாம் ‘எனது பிருட்டம்’ என்பதாக மக்களுக்குக் கேட்கிறது. எனினும் அச்சிபி அந்த நகைப்போடு நிற்பதில்லை. வெள்ளையர் போனபின் அவ்வூர்ச் சபையை நடத்துபவன் உரைபெயர்ப்பாளனான கியாகாவே. தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டவர்களைச் சபைக்குள் சேர்க்கலாமா என்ற பிரச்சினை எழும்போது உறுதியாக நின்று முடிவெடுப்பவனும் அவனே. வரலாறு அவன் வழியாகவும் நகர்கிறது. கிங்சோல்வரின் அனற்றோல் நல்லவன், அறிவாளி, சிறை சென்ற தியாகி, அன்பான கணவன். ஆனால் அவன் ஏன் ஒரு போதகனுக்கு உரைபெயர்க்க இணங்கினான், அதனால் அவனுக்குக் கிடைத்ததென்ன, இழந்ததென்ன என்பது நமக்குத் தெரிவதேயில்லை. லேயா அவனைக் காதலிக்கிறாள் என்பது அவனைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் முக்கிய செய்தியாகிவிடுகிறது.

இடையில் நிற்பவன் அசைவற்ற கருவியல்லன் என்பதற்கு நம்மிடையே சான்று தேடி அலைய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலுக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் அப்பாடசாலைப் பணியை விட்டு நீங்கிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பேர்சிவலின் மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. மிஷனின் அச்சுக்கலையையும் பாடசாலை அமைப்பையும் வசனநடையையும் கற்றவர், அவற்றைக்கொண்டே மிஷனை எதிர்த்தார். அவ்வெதிர்ப்பு சாதியமைப்பின் எல்லையைத் தாண்டவில்லை என்பது வேறு விடயம். பேர்சிவலைக் கதாநாயகனாகக் கொண்டு ஒரு நாவலாசிரியர் எழுதி, நாவலரை மேசையோரத்து நல்ல இளைஞராக விட்டுவிட்டால் எப்படியிருக்குமோ, அப்படியிருக்கிறது கிலங்காவில் அனற்றோலின் நிலை.

இனி, கெட்ட மிஷனரிக்கு மாற்றாக நாவல் முன்வைக்கும் நல்ல மிஷனரியைப் பார்ப்போம். நேதனுக்கு முன் கிலங்காவில் இருந்த சகோதரர் ஃபவுல்ஸ் உள்ளூர்ப் பெண்ணை மணந்தவர், பறவைகளை அறிந்தவர், மக்களின் வழிபாட்டில் தம் கடவுளைக் காண்பவர். பக்தரும் முற்போக்கினரும் ஒருங்கே இவரை விரும்புகின்றனர். போதகரின் மகள் முதல் மாலையில் ஆறுதல் கண்டதும் இவரிடமே. அச்சிபியின் நாவலிலும் இத்தகைய இணை உண்டு. பிரவுண் மென்மையானவர், ஸ்மித் கடுமையானவர். ஆயின் பிரவுணின் மென்மையே, அவர் கட்டிய பாடசாலையே, ஊரைத் திரும்பிச் செல்லவியலாத பாதையில் இட்டது என அச்சிபி காட்டுகிறார். கிங்சோல்வரிடம் இந்த நிதானமான கொடுமை இல்லை.

கண்டி வாசகர் ஃபவுல்ஸை நேரில் அறிவர் எனலாம். 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரி அதிபராயிருந்த ஏ. ஜி. ஃப்ரேசர், ஆங்கிலமே கல்வி என்றிருந்த காலத்தில் சிங்களத்தையும் தமிழையும் கற்பிக்க வேண்டுமென வாதிட்டவர். கண்டியக் கட்டடக்கலை மரபில், செதுக்கிய கற்றூண்களோடு எழுப்பப்பட்ட அக்கல்லூரித் தேவாலயம் அவர் காலத்துக் கனவு. அதன் சுவர்களில் டேவிட் பெயின்ரர் பின்னர் தீட்டிய ஓவியங்களில் விவிலியக் காட்சிகள் இந்நாட்டு மண்ணில் நிகழ்கின்றன. ஃப்ரேசர் கண்டியிலிருந்து நேரே ஆபிரிக்காவுக்குப் போனார். தங்கக் கரையின் அச்சிமோட்டாக் கல்லூரிக்கு முதல் அதிபரானார். அங்கு பயின்று 1930இல் வெளியேறியவர்களுள் குவாமே நக்ருமா ஒருவர். குடியேற்ற அரசுக்கு வேண்டிய அலுவலரை உருவாக்கும் பொருட்டு அமைந்த கல்லூரி, அவ்வரசுக்கே முடிவுகட்டிய தலைவனையும் தந்தது. நல்ல மிஷனரி, கெட்ட மிஷனரி என்ற பாகுபாட்டுக்குள் அடங்காத முரண்பாடு இது. கொங்கோவின் வரலாறும் இதனையே காட்டுகிறது. லியோபோல்ட் மன்னனின் இறப்பர்க் கொடுமைகளை உலகறியச் செய்தோருள் மிஷனரிமார் முக்கியமானவர். கறுப்பின அமெரிக்கரான வில்லியம் ஷெப்பர்ட் அதன் பொருட்டு 1909இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானார். ஃபவுல்ஸின் பறவைகளைவிட ஷெப்பர்டின் வழக்கு ஒரு நாவலுக்குக் கனதியான பொருள் என்பது நமது கருத்து.

இவ்வளவு குறை கூறியபின் நாவலின் பலத்தைச் சொல்லாதுவிடல் அநீதியாகும். அதனை நமக்குச் சுட்டிக்காட்டியவர் பட்டப்பின் மாணவி ஒருவர். ஆற்றில் ஞானஸ்நானம் பெறக் கிராமத்தவர் மறுப்பது முதலை அங்கே ஒரு சிறுமியைக் கொன்றதனாலாகும். இதனைச் சொல்லிச் சண்டையிட்டு, வீட்டுவேலை செய்த மாமா தட்டாபா போய்விடுகிறாள். அதன்பின் நீர் சுமத்தல், கொதிக்கவைத்தல், விறகு தேடல், மாவு பிசைதல் என்பனவெல்லாம் ஓர்லியானாவின் தலையில் விழுகின்றன. அவள் காய்ச்சலில் விழ, சிறுமிகளின் தலையில் விழுகின்றன. வேதம் போதிப்பவன் வேதம் போதிக்கும் நேரமெல்லாம் எவருடைய உழைப்பால் அவனுக்குக் கிடைத்தது என்பதை இப்பக்கங்கள் எவ்விதப் பிரசங்கமுமின்றிக் காட்டுகின்றன. “மாமா தட்டாபா போன நாளிலிருந்துதான் அந்த வீட்டுக்கு அவள் தெரிய வருகிறாள்” என்றார் அம்மாணவி. தோட்டப் பாத்தியில் நேதன் தட்டையாக நட்ட விதையை அவள் மேடுகட்டி மாற்றியதும், அவன் அதனை அழித்து மழையில் பறிகொடுத்ததும் இவ்வகையின. சீகல் வெறும் நல்லெண்ணம் என ஒதுக்கியதில் இதனையும் சேர்த்தே ஒதுக்கினார் என்பது அவர் தவறு. உழைப்பைக் கண்ணாரக் காண்கின்ற இடங்களில் கிங்சோல்வர் பெரிய எழுத்தாளர். அந்தக் கண் வீட்டு வாசலைத் தாண்டி, உரைபெயர்ப்பவனிடமும் தோட்டத்திலும் சந்தையிலும் அதே கூர்மையோடு செல்லவில்லை என்பதே நமது மனக்குறை.

நேதனின் போர்க்கால வரலாறு இதனை மேலும் எளிதாக்கிவிடுகிறது. பட்டானில் தன் படைப்பிரிவினர் மடியத் தான் தப்பிய குற்றவுணர்வே அவனை வெறியனாக்கியது என அறிகிறோம். அவனை அனுப்பிய மிஷன் சங்கமும் மனமின்றியே அனுப்பியது. இங்ஙனம் அவன் நோயாளியும் விதிவிலக்குமாகிறான். பக்தர், ‘எங்கள் மிஷன் இப்படியன்று’ எனலாம். முற்போக்கினர், ‘ஏகாதிபத்தியம் பைத்தியக்காரத்தனம்’ எனலாம். இருவருக்கும் ஆறுதல். மாத்தளையின் துரைமார் பைத்தியக்காரர் அல்லர். சந்தாப் பட்டியல் எழுதி, கணக்குப் பார்த்து, உபதேசியாரை அமர்த்தியவர்கள்.

மூன்றாம் மாலையில் நேதனின் முடிவைப் படித்தோம். அதனை நாம் முன்னர் வேகமாகக் கடந்திருந்தோம். பல ஆண்டுகளின் பின் சகோதரிகள் சந்திக்கும்போது லேயா அச்செய்தியைச் சொல்கிறாள். குழந்தைகள் சென்ற படகை முதலை கவிழ்த்ததற்காகக் கிராமத்தவர் நேதனைத் துரத்துகின்றனர். அவன் பழைய காவற்கோபுரமொன்றில் ஏறிக்கொள்ள, அதற்குத் தீவைக்கின்றனர். அது குடியேற்றக் காலத்துக் கோப்பித் தோட்டத்தின் கோபுரம். கீழே பறிப்போரை மேலே நின்று துரை கண்காணித்த இடம். நாவல் முழுவதிலும் காணக்கிடைக்காத தோட்டம் போதகனின் மரணத்தில் ஒரு பத்தியளவு எட்டிப்பார்க்கிறது. ஆசிரியர் இதனை எண்ணி எழுதினாரா என்பது பற்றி நம்மிடையே உடன்பாடு ஏற்படவில்லை; தொழிற்சங்கத் தோழர் எண்ணியே எழுதினார் என்றார், மாணவி ஐயுற்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அப்பத்தியை உரக்க வாசித்துவிட்டு, அத்தோட்டத்தில் பிரசங்கம் செய்தவர் யார் என்று கேட்டார். அதற்கு விடை சொல்லும் பக்கம் எதனையும் நாவலிற் காண முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்குச் ‘சிதைவுகள்’ நூலை எடுப்பதென முடிவாயிற்று.